நாக்சோஸ் தீவில் சமையலறையோடு ஒரு வாடகை வீடு: ஏழு இரவுகள் தங்கிப் பார்த்த அனுபவம்

என் அத்தை வெளியூரில் தொடர்ந்து மூன்று வேளைக்கு மேல் உணவகத்தில் சாப்பிடமாட்டார். அழகர்கோவிலுக்குப் போனால்கூடத் தூக்குவாளியில் புளியோதரையும் சம்புடத்தில் தயிர்சாதமும் எடுத்துக்கொண்டு போகிற குடும்பம் எங்களுடையது. ஆகவே மகளின் காலாண்டு விடுமுறையில் கிரேக்கத்துக்குப் போவதென்று முடிவானபோது, ஹோட்டல் அறை என்ற பேச்சுக்கே இடமில்லாமல், அடுப்பும் பாத்திரமும் குளிர்சாதனப் பெட்டியும் உள்ள ஒரு வீட்டைத் தீவு ஒன்றில் வாடகைக்கு எடுத்து நாங்களே சமைத்துச் சாப்பிடுவது என்று தீர்மானித்தோம். நான், என் கணவர், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள், அத்தை, மாமா என ஐந்து பேர் செப்டம்பர் மாதக் கடைசியில் நாக்சோஸ் தீவில் ஏழு இரவுகள் தங்கினோம். எங்கள் வீட்டில் கொலு வைக்கும் வழக்கம் இல்லாததால் அந்தத் தேதிகள் ஒத்துவந்தன. மதுரையிலிருந்து இப்படிப் போக நினைக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால், அந்த வீட்டைப் பற்றியும் அங்கே சமைத்து வாழ்ந்த விதத்தைப் பற்றியும் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட வீட்டைத் தேடும்போது எல்லோரும் மாடத்திலிருந்து கடல் தெரிகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் ஒரு வாரம் வாழ்ந்த பிறகு தெரிந்தது, அடுப்பில் பாத்திரம் வைத்துச் சூடேற்றும் மின்தட்டுகள் எத்தனை இருக்கின்றன, காய்கறிக் கடைக்கு எத்தனை நிமிடம் நடக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளே அந்த வாரத்தின் சுகத்தைத் தீர்மானிக்கின்றன. நாங்கள் தங்கிய வீட்டிலிருந்து கடல் தெரியாது. இருந்தும் அதற்கு முழு மனத்தோடு நல்ல மதிப்பெண் கொடுக்கிறேன்.

தீவைத் தேர்ந்தெடுத்ததிலேயே பாதி வேலை முடிந்தது என்று இப்போது தோன்றுகிறது. சிக்ளதீஸ் தீவுக் கூட்டத்தில் நாக்சோஸ்தான் பெரியது. பரப்பு சுமார் 430 சதுர கிலோமீட்டர். நடுவில் 1,000 மீட்டருக்குச் சற்று மேல் உயர்ந்த சாஸ் மலை நிற்கிறது. சுற்றிலும் வயல்களும் ஒலிவத் தோப்புகளும் ஆட்டு மந்தைகளுமாக, சுற்றுலாப் பயணிகள் வந்தாலும் வராவிட்டாலும் விவசாயத்தால் வாழக்கூடிய ஊர் அது. அந்தத் தீவின் உருளைக்கிழங்குக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு உண்டு. நம் மதுரை மல்லிக்குக் கிடைத்திருக்கும் அங்கீகாரத்தைப் போன்றது என்று வைத்துக்கொள்ளலாம். பசும்பாலை முதன்மையாகக் கொண்டு செய்யப்படும் அங்குள்ள கிராவியேரா பாலாடைக்கட்டிக்கும் அத்தகைய பாதுகாப்பு இருக்கிறது. படம் பிடிப்பதற்கு வேறு தீவுகள் இன்னும் அழகாக இருக்கலாம். சமைத்துச் சாப்பிடப் போகிறவர்களுக்குக் காய்கறி விளைகிற தீவே வசதி.

வீடு, துறைமுக நகரமான கோராவின் தென்கோடியில், செயின்ட் ஜார்ஜ் கடற்கரை என்று வழங்கும் ஆயியோஸ் யோர்யோஸ் பகுதியில் இருந்தது. தரைத்தளம், இரண்டு படுக்கையறைகள், கூடத்தில் விரித்துக்கொள்ளும் சோபா, சிறு முற்றத்தில் ஒரு எலுமிச்சை மரம். கடற்கரைக்கு நான்கு நிமிடம், ரொட்டிக்கடைக்கு மூன்று நிமிடம், பெரிய பல்பொருள் அங்காடிக்குப் பத்து நிமிடம் என எல்லாம் சமதரையில் நடந்தே போகும் தூரத்தில் இருந்தன. கோராவின் மேல்பகுதியில், 13ஆம் நூற்றாண்டில் வெனிசியர்கள் கட்டிய காஸ்த்ரோ கோட்டையைச் சுற்றியுள்ள சந்துகளிலும் அழகான வீடுகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஆனால் அந்தச் சந்துகளில் கார் நுழையாது, படிகள் ஏராளம். பெட்டிகளையும் ஆறு புட்டித் தண்ணீர்க் கட்டுகளையும் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ள மாமாவை அழைத்துச் சென்ற எங்களுக்கு அது சரிப்பட்டிருக்காது. முன்பதிவுக்கு முன் வரைபடத்தில் தூரத்தை மட்டும் பார்க்காமல், வாசல்வரை வண்டி வருமா, எத்தனை படிகள் ஏற வேண்டும் என்று வீட்டுக்காரரிடமே கேட்டுவிடுங்கள்.

வாடகை ஓர் இரவுக்கு 110 யூரோ. இதற்கு மேல், காலநிலை நெருக்கடிக்காகக் கிரேக்க அரசு வசூலிக்கும் ஒரு கட்டணம் உண்டு. 2025 முதல் இவ்வகைக் குறுகியகால வாடகைக் குடியிருப்புகளுக்கு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓர் இரவுக்கு 8 யூரோ என்றும், மற்ற மாதங்களில் 2 யூரோ என்றும் நிர்ணயித்திருக்கிறார்கள். 80 சதுர மீட்டருக்கு மேற்பட்ட தனி வீடுகளுக்கு இதைவிட அதிகம். முன்பதிவுத் தொகையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது. போய் இறங்கியதும் 56 யூரோ தனியாகக் கொடுத்தோம். வீட்டுக்காரர் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்திருந்ததால் மனத்தாங்கல் எதுவும் இல்லை. சட்டப்படி பதிவுசெய்த குறுகியகால வாடகை வீட்டின் விளம்பரத்தில் ஏ.எம்.ஏ. என்ற பதிவு எண் இருக்கும். அந்த எண் இல்லாத வீட்டுக்கு முன்பணம் அனுப்ப வேண்டாம்.

விசாவுக்கும் வீட்டுக்கும் ஒரு தொடர்பு இருப்பதை முதலிலேயே கவனிக்க வேண்டும். கிரேக்கம் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று தேவை. தனியார் வீடுகளின் உறுதிச்சீட்டில் பெரும்பாலும் பதிவுசெய்தவர் ஒருவர் பெயர் மட்டுமே வரும். எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டு, ஐந்து பேரின் பெயரும் வீட்டின் முழு முகவரியும் பதிவு எண்ணும் இருக்கும்படி ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொண்டோம். விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரையான குழந்தைகளுக்கு 45 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயண மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், சென்னை விசா விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைக்கும்போதே முடித்துவிடுவது நல்லது.

இனிச் சமையலறை. ஏதென்சில் முதல் இரண்டு இரவுகள் தங்கிய வீட்டில் நாங்கள் பட்ட பாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். 'முழுமையான சமையலறை' என்று விளம்பரத்தில் எழுதியிருந்தார்கள். போய்ப் பார்த்தால், ஒரே ஒரு மின்தட்டு, மைக்ரோவேவ், தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில், ஒரு வாணலி, சாப்பிட இரண்டு தட்டு. ஐந்து பேருக்குச் சோறு வடிக்க ஒரு பாத்திரம்கூட இல்லை. படத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தபோது, அதில் அடுப்பே தெரியாதபடி பூச்சாடியை முன்னால் வைத்துப் பிடித்திருந்தது புரிந்தது. அன்றிரவு அத்தை ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டுப் படுத்தார். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை என்பதே எனக்குப் பெரிய வருத்தமாக இருந்தது.

நாக்சோஸ் வீட்டில் நிலைமை நேர்மாறு. நான்கு தட்டுகள் கொண்ட மின் அடுப்பும் அதன் கீழே கேக் சுடும் ஓவனும் இருந்தன. பெரியதும் சிறியதுமாக நான்கு பாத்திரங்கள், ஆழமான வாணலி, வடிகட்டி, பூரிக்கட்டையைப் போன்ற உருளை, ஆறு பேருக்குத் தட்டு, கோப்பை எல்லாம் சுத்தமாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கத்திகள்தாம் மழுங்கலாக இருந்தன; காய் நறுக்குவதற்கென்று ஒரு நல்ல சிறு கத்தியைப் பெரிய பெட்டியில் வைத்து எடுத்துச் சென்றால் பலனுண்டு.

ஆனால் முதல்நாள் மாலையில் அடுப்பு எரியவே இல்லை. அரை மணி நேரம் திருகிப் பார்த்துவிட்டு வீட்டுக்கார அம்மாவை அழைத்தோம். அவர் வந்து, வாசல் பக்கச் சுவரில் இருந்த மின் பெட்டியைத் திறந்து, கிரேக்க எழுத்தில் பெயர் எழுதிய ஒரு பெரிய விசையை மேலே தள்ளினார். அடுப்புக்கு ஒன்று, தண்ணீர் சூடாக்கும் கலனுக்கு ஒன்று எனத் தனித்தனி விசைகளை மின் பெட்டிக்குள் வைப்பது அந்த நாட்டு வழக்கம். குளிப்பதற்கு 20 நிமிடம் முன்பு வெந்நீர் விசையைப் போட்டு, குளித்தவுடன் அணைத்துவிட வேண்டும். வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தப் பெட்டியைக் காட்டச் சொல்லி, எந்த விசை எதற்கு என்று ஒரு தாளில் தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள்; நாங்கள் இரண்டாம் நாள் அதைத்தான் செய்தோம்.

மின்தட்டில் சமைப்பதற்குக் கை பழக இரண்டு நாள் ஆகும். காஸ் அடுப்பைப் போல் திருகியவுடன் தீ கூடுவதும் குறைவதும் இல்லை. தட்டு சூடேற நேரமாகும், அணைத்த பிறகும் வெகுநேரம் சூடு இறங்காது. எனவே தாளிக்கும்போது எண்ணெய் காய்ந்ததும் தட்டை அணைத்துவிட்டு, அந்தச் சூட்டிலேயே கடுகு, உளுந்து, பெருங்காயம் என வரிசையாகப் போட்டு, பாத்திரத்தை உடனே வேறிடத்துக்கு மாற்றிவிட வேண்டும். முதல் தாளிப்பில் மிளகாய் கருகி வீடெல்லாம் புகைந்தது. நல்லவேளையாகப் புகை உணர்கருவி அலறுவதற்குள் சன்னலைத் திறந்துவிட்டோம். பிரஷர் குக்கர் கொண்டுபோவதென்றால் அடிப்பாகம் தட்டையாக உள்ள மூன்று லிட்டர் குக்கரே போதும். அலுமினியக் குக்கர் மின்தட்டில் வேலை செய்யும். இண்டக்ஷன் அடுப்பில் செய்யாது. வீட்டில் எந்த வகை அடுப்பு என்று முன்பே கேட்டுக்கொண்டு எடுத்துச் செல்லுங்கள். மிக்ஸியைப் பற்றிக் கவலை வேண்டாம்: அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். நம்முடைய மெல்லிய இரண்டு முள் செருகி அங்குள்ள துளையில் பொருந்துகிறது. மூன்று முள் செருகி பொருந்தாது. அதற்கான மாற்றுச் செருகியை மதுரையிலேயே வாங்கிவிடலாம்.

குக்கர், மிக்ஸி இரண்டையும் எப்போது பயன்படுத்துவது என்பதிலும் ஒரு முறை இருக்கிறது. கோடைக்கால ஏற்பாட்டின்படி, செப்டம்பர் இறுதிவரை பிற்பகல் 3 மணி முதல் 5.30 வரையும் இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரையும் அமைதி நேரம் என்று அந்நாட்டில் சட்டமே வைத்திருக்கிறார்கள். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் அந்தப் பிற்பகலில் குக்கர் விசிலடித்தால் அடுத்த வீட்டுக்காரருக்குத் தூக்கம் கெடும். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அவர்கள் எங்களிடம் காட்டிய அன்புக்கு நாங்கள் திருப்பிச் செய்யக்கூடியது அவ்வளவுதான் என்று நினைத்தோம். காலையில் பத்து மணிக்குள் சோறும் குழம்பும் ஆக்கி மூடி வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போவதை வழக்கமாக்கிக்கொண்டோம்.

கடைவீதிதான் எனக்கு இந்தப் பயணத்தின் பெரிய மகிழ்ச்சி. கீழமாசி வீதியில் மளிகை வாங்கிப் பழகிய கண்ணுக்கு, மொழி தெரியாத கடையிலும் பாதிப் பொருள் அடையாளம் தெரிந்துவிடுகிறது. வாசலில் கூடைகளை அடுக்கிவைத்திருக்கும் காய்கறிக் கடையில், 'வ்லீத்தா' என்று கட்டுக் கட்டாக விற்கிற கீரை நம் முளைக்கீரையின் உறவு. 'க்லிஸ்த்ரீதா' என்பது அசல் பருப்புக்கீரையே. அவர்கள் அதைப் பச்சையாகத் தக்காளியோடு கலந்து சாப்பிடுகிறார்கள், அத்தை அதைப் பருப்புப் போட்டுக் கடைந்தார். வெண்டைக்காய்க்கு 'பாமியேஸ்' என்று பெயர். நம் ஊர் வெண்டைக்காயைவிடச் சிறியது, விரலின் பாதி நீளம்கூட இல்லை, ஆனால் முற்றல் கிடையாது. கத்தரிக்காய் பெரிதாக இருப்பதால் எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு ஒத்துவராது. சுட்டு மசித்துக் கொத்சு செய்ய அதைவிடச் சிறந்த காய் இல்லை. தக்காளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: புளியே இல்லாமல் வெறும் தக்காளியில் வைத்த ரசத்தை மாமா இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தார். நாக்சோஸ் உருளைக்கிழங்கு வெந்ததும் மாவாகக் கரையாமல் வெண்ணெய் போல நிற்கிறது. வெறும் மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் போட்டு வறுத்ததையே என் மகள் நான்கு நாள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். செப்டம்பரில் திராட்சையும் அத்திப்பழமும் வந்து குவிகின்றன.

பருப்பு வகைகளுக்கு இங்கிருந்து மூட்டை கட்ட வேண்டியதில்லை. 'மவ்ரோமாத்திகா' என்பது தட்டைப்பயறு; பெயருக்குப் பொருளே 'கருங்கண்' என்பதாம். 'ரெவீத்தியா' கொண்டைக்கடலை. 'ஃபகேஸ்' தோல் நீக்காத மைசூர்ப் பருப்பு. 'ஃபாவா' என்று விற்கும் மஞ்சள் பருப்பு உடைத்த பட்டாணியின் சாயலில் இருக்கும். நன்றாகக் குழைய வேகும் என்பதால் சாம்பாருக்குத் துவரம்பருப்பின் இடத்தில் அதையே வைத்துச் சமாளித்தோம், குறையொன்றும் தெரியவில்லை. அரிசியில் கவனம் தேவை. 'க்லாசே', 'கரோலினா' என்று எழுதியவை ஒட்டிக்கொள்ளும் குட்டை அரிசிகள். சூப்புக்கும் காய்க்குள் அடைத்து வேகவைப்பதற்கும் உரியவை. நமக்கு ஏற்றது 'நிகாக்கி' என்ற நீள அரிசி அல்லது 'போனே' என்ற மஞ்சள் நிறப் புழுங்கலரிசி. நான் தெரியாமல் முதல்நாள் க்லாசே வாங்கிவிட்டேன். அது தயிர்சாதத்துக்கு மிக நன்றாக அமைந்தது, குழம்புக்கு ஆகவில்லை. 'சிமிக்தாலி' என்பது ரவை. பெருநொய், சிறுநொய் என இரண்டு வகையில் கிடைக்கிறது, உப்புமாவுக்குப் பெருநொய். 'ஃபிதேஸ்' என்பது சேமியா. தேங்காய்த் துருவல் உலர்ந்ததாகப் பொட்டலத்தில் கிடைக்கிறது. அதன் பெயர் 'இந்தோகாரிதோ', அதாவது இந்தியக் கொட்டை. அதை வெந்நீரில் ஊறவைத்து, இங்கிருந்து கொண்டுபோன பொட்டுக்கடலையோடு அரைத்தால் சட்னிக்குப் போதுமானது.

தயிர் வாங்கும்போது பலரும் ஏமாறுகிறார்கள். கிரேக்கத் தயிர் என்று உலகம் முழுவதும் பெயர் பெற்றது நீர் வடித்த கெட்டித் தயிர். அதைச் சோற்றில் பிசைந்தால் களி போல ஆகிவிடும். நீர் வடிக்காத, ஆடையோடு உறைந்த சாதாரணப் பசுந்தயிரைக் கேட்டு வாங்க வேண்டும். ஆட்டுப்பால் தயிரும் அருகிலேயே அதே போன்ற கிண்ணத்தில் இருக்கும். வாசனை பிடிக்காதவர்கள் படத்தைப் பார்த்து எடுக்கவும்.

மதுரையிலிருந்து கட்டாயம் எடுத்துச் செல்ல வேண்டியவை எவை என்று கேட்டால், சாம்பார்பொடி, மிளகாய்த்தூள், புளி, பெருங்காயம், கடுகு, உளுத்தம்பருப்பு, பொட்டுக்கடலை, காய்ந்த கறிவேப்பிலைப் பொடி, அப்பளம், ஊறுகாய், வெல்லம், வடிகட்டியோடு காப்பித்தூள் என்பேன். பெருங்காயத்தை இரண்டு உறை போட்டு இறுக மூடாவிட்டால் பெட்டியிலுள்ள துணியெல்லாம் மணக்கும். எடுத்துச் செல்லக் கூடாதவை இன்னும் முக்கியம்: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் பாலிலும் இறைச்சியிலும் செய்த பொருள்களைக் கொண்டுபோகக் கூடாது. நெய்யும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் அதில் அடக்கம். அன்னாசி, வாழை, தேங்காய், பேரீச்சை, துரியன் என்ற ஐந்தைத் தவிர மற்றப் பச்சைக் காய்கனிகளுக்குத் தாவரநலச் சான்று வேண்டும் என்பதால் பச்சைக் கறிவேப்பிலையை மறந்துவிடுங்கள். பெரியவர்களின் மருந்துகளுக்கு மருத்துவர் சீட்டு கையில் இருக்கட்டும். குறிப்பாகக் கோடீன் கலந்த இருமல், வலி மருந்துகள் அந்நாட்டில் கட்டுப்படுத்தப்பட்டவை.

குடிநீரைப் பொறுத்தவரை, குழாய் நீரைக் குடிக்க வேண்டாம் என்று வீட்டுக்கார அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். ஒன்றரை லிட்டர் புட்டிகள் ஆறு கொண்ட கட்டுகளை வாங்கினோம். சோறு வடிப்பதற்கும் காப்பிக்கும் அதே தண்ணீர், பாத்திரம் கழுவக் குழாய் நீர். ஐந்து பேருக்கு நாளொன்றுக்கு ஒரு கட்டு ஆகிவிடுகிறது என்பதால்தான் கடை நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று மறுபடியும் சொல்கிறேன்.

கழிப்பறை பற்றி நம்மவர்கள் பேசக் கூச்சப்படுவார்கள், ஆனால் சொல்லாமல் விட முடியாது. கழிவுக் குழாய்கள் குறுகலானவை என்பதால், காகிதத்தைக் கழிப்பறைக்குள் போடாமல் அருகிலுள்ள கூடையில் போட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இதற்கான அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. தண்ணீர் பீய்ச்சும் குழாய் இருக்காது. வாளியும் கோப்பையும் கிடையாது. பிளாஸ்டிக் கோப்பை ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொண்டால் வயதானவர்களுக்கு ஏற்படும் சங்கடம் தீர்ந்தது. குளியலறை சிறியது, தண்ணீர் வெளியே தெறித்துப் பெருகும். இந்த வீட்டில் எனக்கிருந்த குறைகளில் இதுவே பெரியது. மாமா ஒருமுறை வழுக்கி விழப் பார்த்தார். வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னதும் அன்று மாலையே ரப்பர் விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். துவைக்கும் இயந்திரம் நன்றாக இயங்கியது. முற்றத்துக் கொடியில் காற்றுக்கு இரண்டு மணி நேரத்தில் துணி உலர்ந்துவிடும்.

அந்த வீட்டுக்கார அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்புரை நிறைவாகாது. எழுபது வயதை நெருங்குகிறவர், பின்கட்டில் குடியிருக்கிறார். 'கிரீயா' என்று மரியாதையாக அழைப்பது அங்கே வழக்கம் என்று மகள் கற்றுக்கொண்டு சொன்னதால் நாங்களும் அப்படியே அழைத்தோம். போய் இறங்கிய அன்று குளிர்சாதனப் பெட்டியில் பால், முட்டை, தக்காளி, ஒரு ரொட்டி, மேசையில் எலுமிச்சம்பழம் என வைத்திருந்தார். நாங்கள் முட்டை சாப்பிடுவதில்லை என்று அறிந்ததும் அதை எடுத்துக்கொண்டு, மறுநாள் தம் தோட்டத்துக் கீரையைக் கொண்டுவந்து கொடுத்தார். அத்தைக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் இருவரும் முற்றத்தில் எதிரெதிரே உட்கார்ந்து வெண்டைக்காயின் காம்பைச் சீவிக்கொண்டிருந்த அந்தப் பிற்பகலை நான் என்றைக்கும் மறக்கமாட்டேன். அவர் காம்பைக் கூம்பாகச் சீவி, எலுமிச்சைச் சாறு தெளித்து வெயிலில் வைத்தார். வழவழப்பு வெளிவராமல் இருக்க அதுதான் வழி என்று கையால் காட்டினார். அத்தை இப்போது மதுரையிலும் அப்படித்தான் செய்கிறார்.

வெளியே சாப்பிட நேர்ந்தால் சைவர்களுக்கு உதவும் சொல் ஒன்று உண்டு: 'நிஸ்தீசிமோ'. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் நோன்பு உணவு அது. இறைச்சி, பால், முட்டை எதுவும் இருக்காது. எனினும் கணவாய், ஆக்டோபஸ் போன்றவை நோன்பில் அனுமதிக்கப்பட்டவை என்பதால், அவையும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். ஒலிவ எண்ணெயில் தக்காளியோடு வேகவைத்த பச்சைப் பீன்ஸ், பெரிய வெள்ளை மொச்சை போன்ற 'கிகான்தெஸ்', பல காய்களைச் சேர்த்துச் சுட்ட 'பிரியாம்' ஆகியவற்றை அத்தைகூட ஒருவேளை சாப்பிட்டார். பாலாடைக்கட்டிகள் பலவற்றில், பாலைத் திரியவைக்க விலங்கின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற பொருள் சேர்க்கப்படுகிறது. ஆகவே கண்டிப்பான சைவர்கள் கேட்டறிந்து வாங்கவும்.

ஒரு நாள் பேருந்தில் மலைக் கிராமங்களுக்குப் போனோம். துறைமுகத்தருகே உள்ள நிலையத்திலேயே சீட்டு வாங்கிக்கொண்டு ஏற வேண்டும். கால்கி கிராமத்தில் 1896 முதல் நடக்கும் ஒரு வடிசாலை இருக்கிறது. கித்ரோன் என்ற மதுவை அங்கே காய்ச்சுகிறார்கள். அதற்கு மூலப்பொருள் ஓர் இலை, அதைக் கசக்கி முகர்ந்த அத்தை, "ஏம்மா, இது நம்ம நார்த்தை இலைல்ல?" என்றார். உண்மையிலேயே அது நார்த்தைதான். நாம் அந்த இலையில் வேப்பிலைக்கட்டி இடிக்கிறோம், அவர்கள் மது வடிக்கிறார்கள். மது அருந்தாதவர்களுக்கு அந்தப் பழத்தையே சர்க்கரைப் பாகில் ஊறவைத்துப் புட்டியில் விற்கிறார்கள். இரண்டு வாங்கி வந்தோம்.

போக்குவரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து மெட்ரோவின் மூன்றாம் தடத்திலேயே பிரேயஸ் துறைமுகம்வரை மாறாமல் போகலாம். கட்டணம் 9 யூரோ, ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கிருந்து பெரிய கப்பலில் நாக்சோஸுக்கு ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். விரைவுப் படகுகள் இன்னும் சீக்கிரம் போகும், ஆனால் அலையில் அதிகம் ஆடும். பெரியவர்களோடு போகிறவர்கள் பெரிய கப்பலையே எடுங்கள். துறைமுகம் மிகப் பெரியது, நுழைவாயில் எண்ணைச் சீட்டில் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். காற்று பலமாக வீசினால் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். ஜூலை, ஆகஸ்டில் வீசும் மெல்தேமி என்ற வடகாற்று இதற்குப் பெயர்போனது. ஆகவே தீவிலிருந்து திரும்பும் நாளிலேயே விமானத்தைப் பிடிக்கத் திட்டமிடாமல், ஏதென்சில் ஓர் இரவை இடையில் வைத்துக்கொள்ளுங்கள். கார் வாடகைக்கு எடுப்பதானால், மதுரை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை வாங்கிச் செல்ல வேண்டும். வண்டிகள் சாலையின் வலப்பக்கம் செல்லும் நாடு என்பதால், மலைப்பாதை வளைவுகளில் நாங்கள் துணியவில்லை. அவசர உதவிக்கு 112.

ஆகஸ்ட் 15 மாதா திருநாளை ஒட்டிய வாரத்தில் மட்டும் போக வேண்டாம். கிரேக்கர்களே சொந்தத் தீவுகளுக்குத் திரளும் நாள்கள் அவை. சித்திரைத் திருவிழாவின்போது மதுரையில் அறை தேடுவதைப் போலத்தான் இருக்கும். செப்டம்பர் கடைசியில் கடல்நீர் குளிராமல் இருந்தது, மகள் தினமும் நீந்தினாள், கூட்டம் இல்லை, வாடகையும் இறங்கியிருந்தது. அக்டோபர் நடுவில் பேருந்துகளும் கடைகளும் குறையத் தொடங்கிவிடும் என்று வீட்டுக்கார அம்மா சொன்னார்.

கடல் பார்த்த மாடம் வேண்டும் என்பவர்களுக்கும், ஐந்து பேருக்கு மேல் போகிறவர்களுக்கும் இந்த வகை வீடு பொருந்தாது. சோபாவில் படுத்த என் கணவருக்கு நான்காம் நாள் முதுகு பிடித்துக்கொண்டது. நான்கு பேருக்குத்தான் அது உண்மையில் வசதியான வீடு. புறப்படும் அன்று காலை 11 மணிக்குள் காலி செய்ய வேண்டும் என்று விதி இருந்தும், கப்பல் மாலையில்தான் என்பதால் பெட்டிகளை முற்றத்தில் வைத்துக்கொள்ள அனுமதித்தார்கள். மிச்சமிருந்த சாம்பார்பொடியையும் பெருங்காயத்தையும் அத்தை சிறு புட்டிகளில் போட்டு, எதை எவ்வளவு போட வேண்டும் என்று கரண்டியால் அளந்து காட்டிக் கொடுத்துவிட்டு வந்தார்.